கோயில் டிஷ்ஷும் புதிய கோபுரமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் கோயில் மண்டபத்தின் கூரைமேல் 3 மீட்டர் விட்டமுள்ள சி-பேண்ட் டிஷ் ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. தமிழ்ப் பக்தி நிகழ்ச்சிகளை அதன் வழியாகத்தான் மண்டபத்தில் காட்டி வருகிறோம். ஜூலை முதல் மாலை ஆறு மணிக்கு மேல் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது; காலையில் ஒரு குறையும் இல்லை. அரைக் கிலோமீட்டர் தள்ளி வந்திருக்கும் 5ஜி கோபுரமே காரணம் என்று டிஷ் பொருத்தியவர் சொல்லி, ஃபில்டர் வாங்கச் சொல்கிறார். புரட்டாசி நெருங்குகிறது. வாங்கலாமா? – கோயில் குழுச் செயலாளர், சாட்ஸ்வொர்த்

பதில்: வாங்கலாம், ஆனால் சோதித்த பிறகு. கோபுரம் காரணமாக இருக்க இடமுண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். டிஷ்ஷின் முன்னே பொருத்தியிருக்கும் எல்.என்.பி. என்னும் கருவி, சி-பேண்டில் பொதுவாக 3,400 முதல் 4,200 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் வாங்கிப் பெருக்கும். நம் தென்னாப்பிரிக்காவில் 2022 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஐகாசா நடத்திய ஏலத்தில் கைப்பேசி நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்டவற்றுள் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையும் ஒன்று. அதாவது உங்கள் எல்.என்.பி. காதைத் திறந்து வைத்திருக்கும் இடத்திலேயே கோபுரமும் பேசக்கூடும். செயற்கைக்கோள் சுமார் 38,000 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், ஒரு வாட்டை ஒரு லட்சம் கோடிப் பங்காக்கினால் வரும் ஓரிரு பங்கு அளவு ஆற்றல்தான் டிஷ்ஷின் வாய்க்கு வந்து சேருகிறது. கோபுரத்தின் அலை டிஷ்ஷின் பக்கவாட்டில் கசிந்து நுழைந்தாலும், அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வலிமையோடு இருக்கும்.

இங்கே இரண்டு வேறு நோய்களைப் பிரித்தறிய வேண்டும், ஏனெனில் மருந்து ஒன்றல்ல. முதலாவது, கோபுரம் உங்கள் சேனல் இருக்கும் அலைவரிசையில் பேசாமல் பக்கத்தில் பேசினாலும், அதன் வலிமையால் எல்.என்.பி. திணறிப்போவது. அப்போது ஒரு சேனல் மட்டுமன்றி எல்லாச் சேனல்களும் ஒருசேரக் கெடும். எல்.என்.பி.க்கு முன்னால் ஃபில்டர் வைத்தால் இது பெரும்பாலும் தீரும். இரண்டாவது, கோபுரத்தின் அலையோ அதன் சிதறலோ உங்கள் சேனலின் அலைவரிசைக்குள்ளேயே வந்து விழுவது. அப்போது சில சேனல்கள் மட்டும் கெடும். ஃபில்டருக்குக் கொடுத்த பணமும் வீண்தான், ஏனெனில் அதை வடிகட்டினால் சேனலும் சேர்ந்தே போய்விடும்.

ஆகவே மாலையில் படம் உடையும்போது எந்தெந்தச் சேனல்கள் உடைகின்றன என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். காசு செலவில்லாத இந்த முதல் சோதனையைச் செய்துவிட்டு வந்தவர்களை நான் மிகச் சிலரைத்தான் பார்த்திருக்கிறேன். மாலையில் மட்டும் கெடுவது கோபுரத்தின் மீது ஐயத்தைக் கூட்டுகிறது என்பது உண்மையே; ஊரார் வேலை முடிந்து வீடு திரும்பி வீடியோ பார்க்கத் தொடங்கும் நேரம் அது, கோபுரமும் இடைவிடாமல் ஒலிபரப்பும். காலை வேளையில் சில நிமிடங்கள் மட்டும் கெட்டிருந்தால், செப்டம்பர் முற்பகுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால் நிகழ்வது என்று சொல்லி முடித்திருப்பேன்.

அடுத்து, ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்னும் அலை அளவி வைத்திருக்கும் ஒருவரை மாலை வேளையில் வரவழையுங்கள். எல்.என்.பி. தன் உள்ளே இருக்கும் 5,150 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலிருந்து, வெளியே இருந்து வந்து சேரும் அலையின் அலைவரிசையைக் கழித்துத்தான் கேபிளில் அனுப்புகிறது. எனவே 3,500இல் பேசும் கோபுரம் அளவியின் திரையில் 1,650இல், வலது ஓரத்தில், அகலமான மேடுபோலத் தெரியும். அந்த மேடு சில சமயம் தெரியாமலும் போகும். 5ஜி இந்த அலைக்கற்றையில் ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசியும் கேட்டும் இயங்குவதால், அலை நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் எழுந்து அடங்கிக்கொண்டே இருக்கிறது. அளவி அந்த இடைவெளியில் கடந்துபோனால் திரையில் ஒன்றும் விழாது. உச்ச அளவைப் பிடித்து வைக்கும் முறையில் ஒரு நிமிடமாவது ஓட விடச் சொல்லுங்கள். பிறகு அந்த ஒரே அலைவரிசையில் அளவியை நிறுத்தி, நேரத்தை மட்டும் கிடைமட்டத்தில் ஓடவிட்டால், சீப்பின் பற்கள்போல ஒழுங்காக எழுந்து விழும் கோடுகள் தெரியும். செயற்கைக்கோள் அலையில் அந்தப் பற்கள் இரா. அதன்பின் டிஷ்ஷைச் சில பாகை நகர்த்திப் பாருங்கள்: செயற்கைக்கோளின் மேடுகள் மறையும், தரையிலிருந்து வருவது மறையாமல் இருக்கும். நகர்த்துமுன் பழைய இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். மறந்தால் அன்றைய இரவு கூரையிலேயே கழியும்.

கடைசிச் சோதனைதான் உண்மையான தீர்ப்பு: கோபுரத்தை நிறுத்திப் பார்ப்பது. கைப்பேசி நிறுவனத்துக்கு முறையாக எழுதினால், நள்ளிரவுக்குப் பின் சில நிமிடங்கள் உங்கள் திசையை நோக்கிய ஆன்டெனாவை நிறுத்தித் தர இசையக்கூடும். நிறுத்துவதும் தொடங்குவதும் ஐந்தாறு முறை நடக்க வேண்டும். டிஷ் பக்கம் உட்கார்ந்து அளவைக் குறிப்பவருக்கு எப்போது நிறுத்தினார்கள் என்பது தெரியக்கூடாது. பின்னர் இரு பட்டியல்களையும் ஒப்பிட வேண்டும். ஆனால் நள்ளிரவில் கோபுரத்துக்குச் சுமை குறைவு என்பதால், சோதனை நேரத்தில் கோபுரத்தை முழுச் சுமையில் இயங்கச் செய்யுமாறும் கேளுங்கள். இல்லையேல் "ஒரு பாதிப்பும் இல்லை" என்ற விடை எளிதாக வந்துவிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வடகடற்கரையில் ஒரு சமுதாய மண்டபத்தில் நானே ஒருமுறை கோபுரத்தைக் குற்றவாளி ஆக்கினேன். நிறுத்தினார்கள், தொடங்கினார்கள், டெசிபல் அளவு அசையவே இல்லை. ஏணி வைத்து ஏறிப் பார்த்தால், அலையைக் கூட்டிச் சேர்க்கும் கொம்பின் மூடி விரிசல் விட்டு, உள்ளே ஒரு மேசைக்கரண்டி மழைத்தண்ணீர் நின்றிருந்தது. நிறுவனத்தாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மூடியை மாற்றிவிட்டு இறங்கினேன். ஆகவே கேபிள் இணைப்பு, மூடி, வளர்ந்துவிட்ட மரக்கிளை ஆகியவற்றை முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஃபில்டர்தான் தேவை என்று முடிவானால், அது கொம்புக்கும் எல்.என்.பி.க்கும் நடுவே பொருத்தும் உலோகக் குழாய் வடிவ ஃபில்டராக இருக்க வேண்டும். எல்.என்.பி.க்குப் பின்னால் கேபிளில் செருகும் சிறு ஃபில்டர் பயன்படாது. திணறல் அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். ஃபில்டரும் போதாதென்றால், டிஷ்ஷைக் கூரையிலிருந்து இறக்கி, மண்டபச் சுவர் கோபுரத்தை மறைக்கும்படி தரையில் நிறுத்திப் பாருங்கள். டர்பனிலிருந்து இந்தியப் பெருங்கடல் செயற்கைக்கோள்கள் வடகிழக்கே, ஏறத்தாழ 37 பாகை உயரத்தில் இருக்கின்றன. அந்தப் பக்கம் வானம் திறந்திருந்தால் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டுச் சிறிய டிஷ்ஷும் இதனால் கெடுமா? – வாசகி, டோங்காட்

பதில்: கெடாது. வீடுகளில் உள்ள சிறிய டிஷ் கே-யு பேண்டில், 10.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே வாங்குகிறது. உங்களுக்குப் பகை கனமழைதான்.

கேள்வி: ஹார்ட்டபீஸ்ட்ஹுக் போன்ற பெரிய விண்வெளித் தொடர்பு நிலையங்களை எப்படிச் சோதிக்கிறார்கள்? வானிலைச் செயற்கைக்கோள் நிலையங்களுக்கும் இதே தொல்லை உண்டா? – பொறியியல் மாணவர், லெனேசியா

பதில்: ஹார்ட்டபீஸ்ட்ஹுக் ஜோகானஸ்பர்க்குக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில், மகாலீஸ்பர்க் மலைச்சாரலின் பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1961இல் நாசாவின் ஆழ்வெளித் தொடர்பு நிலையமாகத் தொடங்கிய அந்த இடத்துக்குச் சுற்றியுள்ள குன்றுகளே இயற்கையான மதில். எனவே சோதனையின் முதல் பாதி நில அமைப்பைப் பற்றியது: ஒவ்வொரு திசையிலும் அடிவானம் எவ்வளவு உயரத்தில் மறைகிறது என்று அளந்து வரைபடமாக்குவார்கள். பின் தனி ஆன்டெனாவை 360 பாகையும் சுழற்றி, கோபுரம் வருவதற்கு முன்பே அந்த இடத்தின் அலைநிலையைப் பதிவுசெய்து வைப்பார்கள். முன்பதிவு இல்லாத நிலையத்தில், பின்னால் வந்த குறுக்கீட்டை மெய்ப்பிப்பது பெரும்பாடு.

அனுமதிக்கும் அளவும் மிகச் சிறியது. சம உரிமையுள்ள மற்றொரு சேவையிலிருந்து வரும் குறுக்கீடு, நிலையத்தின் சொந்த இரைச்சலில் 6 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அது இரைச்சலை கால் டெசிபல்தான் உயர்த்தும். அளவியின் கோட்டில் கண்ணுக்கே தெரியாது. மணிக்கணக்கில் சராசரி எடுத்துத்தான் காண முடியும்.

வானிலைச் செயற்கைக்கோள்களின் சிக்கல் வேறு. துருவங்களைச் சுற்றிவரும் கோள் ஏறத்தாழ 10 முதல் 15 நிமிடங்களில் வானத்தைக் கடந்துவிடும். அது எழும்போதும் மறையும்போதும் டிஷ் அடிவானத்தையே நேருக்கு நேர் பார்க்கிறது, பக்கவாட்டுக் கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்காவில் அந்தக் கோள்கள் பயன்படுத்தும் 1,695 முதல் 1,710 மெகாஹெர்ட்ஸை, 2015 ஜனவரியில் முடிந்த ஏலத்தில் கைப்பேசிகளுக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். அங்கே ஒலிபரப்புவது கோபுரமன்று, மக்கள் கையிலுள்ள கைப்பேசி. நிறுத்திப் பார்க்கக் கோபுரமில்லை, ஊரே நடமாடுகிறது. அதனால் நிலையங்களைச் சுற்றிப் பாதுகாப்பு வட்டங்கள் வகுத்து, இடைவிடாமல் அலையைக் கண்காணிக்கும் கருவிகளையும் வைக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: பாதிப்பு மெய்ப்பிக்கப்பட்டால் விலக வேண்டியவர் யார், கோபுரத்தாரா, டிஷ் வைத்தவரா? – வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: முதலில் வந்தவர் என்பதற்காக மட்டும் யாருக்கும் உரிமை வந்துவிடாது, பதிவு இருக்கிறதா என்பதே கேள்வி. அமெரிக்காவில் 2018இல் காலக்கெடு வைத்து, பதிவு செய்த வாங்கு நிலையங்களுக்கு மட்டுமே பாதுகாப்பு என்றார்கள். 2021இல் முடிந்த 81 பில்லியன் டாலர் சி-பேண்ட் ஏலத்துக்குப் பின், அந்த நிலையங்களுக்கான ஃபில்டர் செலவை அலைக்கற்றையை வாங்கிய நிறுவனங்களே ஏற்றன. நெதர்லாந்தின் பியூரம் செயற்கைக்கோள் நிலையத்துக்குக் கப்பல்களின் அபாய அழைப்புகள் வந்துகொண்டிருந்ததால், நாட்டின் வடபகுதியில் 3.5 கிகாஹெர்ட்ஸ் 5ஜி ஆண்டுக்கணக்கில் காத்திருந்தது. கோயில் டிஷ்ஷுக்கு அந்த வலிமை கிடையாது. உங்கள் டிஷ்ஷுக்குப் பதிவு தேவையா, அதனால் என்ன பாதுகாப்புக் கிடைக்கும் என்று ஐகாசாவிடம் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தோடு டிஷ்ஷின் இடக்குறிப்பு, எல்.என்.பி.யின் அலை எல்லை, கெட்ட நேரங்களின் பட்டியல், அளவியின் திரையைப் பிடித்த புகைப்படம் ஆகிய நான்கையும் இணைத்து அனுப்புங்கள்.