கேளுங்கள், சொல்கிறோம்: அகிஹபாராவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: என் தம்பி பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் போய், டோக்கியோவுக்குப் பக்கத்தில் இருக்கிறான். ஊரில் இருக்கும்போது லயத்தில் எல்லார் வீட்டு ரேடியோவையும் அவன்தான் திருத்துவான், அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) என்றால் சாப்பாடுகூட வேண்டாம். ஞாயிறு லீவில், எலெக்ட்ரானிக் சாமானும் அனிமேயும் விற்கும் டோக்கியோவின் கடைப்பகுதியான அகிஹபாராவுக்குப் போகப்போகிறானாம். எங்கே போகச் சொல்ல? – ஒரு வாசகி, ஹட்டன்

பதில்: ரேடியோ திருத்துகிற பிள்ளையா, அப்படியென்றால் பெரிய கடைகளுக்குப் போகுமுன் ரயில் பாலத்துக்குக் கீழே போகச் சொல்லுங்கள், தங்கச்சி. டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து யமனோதே ரயிலில் இரண்டாவது நிறுத்தம், ‘எலெக்ட்ரிக் டவுன்’ வாசலால் வெளியே வந்தால் பக்கத்திலேயே ரேடியோ சென்டர். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய ஒடுங்கிய நடை, இரண்டு பக்கமும் பெட்டிக்கடைகள், தட்டுத் தட்டாக சுவிட்ச், ரெசிஸ்டர், வயர், பழைய வால்வு, அதற்கு நடுவில் கடைக்காரர் உட்கார்ந்திருப்பார். உலகப் போர் முடிந்த காலத்தில் இந்தப் பக்கம் தெருவோரத்தில் ரேடியோ பாகங்கள் விற்றார்கள், 1949இல் தெருக்கடைகளை அகற்ற உத்தரவு வந்தபோது அந்த வியாபாரிகள் பாலத்தடிக்கு வந்துவிட்டார்கள். அனிமே எல்லாம் வெகு பிந்தித்தான். வீட்டுக் கணினி வாங்க வந்த இளைஞர்களுக்கு விளையாட்டும் அனிமேயும் பிடித்திருந்தது, கடைகளும் அவர்களுக்கு ஏற்ற மாதிரி மாறின.

அப்புறம் ரேடியோ கைகான் (பெயர்தான் ரேடியோ, உள்ளே மாடி மாடியாகப் பொம்மையும் விளையாட்டு அட்டையும்), பழைய மங்காவுக்கு (ஜப்பானியப் படக்கதை) எட்டு மாடி மண்டரகே கடை. ஞாயிறு பிற்பகல் ஒரு மணியிலிருந்து சுவோ பெருந்தெருவில் வாகனம் விடமாட்டார்கள், நடு ரோட்டில் நடக்கலாம். வேடமிட்டு நோட்டீஸ் கொடுக்கும் பெண்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது, இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது ஒரு விஷயம். அங்கே கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230. ‘100–240’ என்று அடித்திருக்கும் சார்ஜர் என்றால் பயமில்லை, வெறும் 100 மட்டும் போட்டிருக்கும் ரைஸ் குக்கரை இங்கே கொண்டுவந்து நேரே செருகினால் எரிந்துவிடும். ‘ஜங்க்’ என்று எழுதிய பெட்டியில் இருப்பது சோதிக்காத சாமான், பழுதென்றால் திருப்பி எடுக்கமாட்டார்கள். ஆனால் உங்கள் தம்பி மாதிரி கை வேலை தெரிந்தவருக்கு அந்தப் பெட்டிதான் முதலில் பார்க்க வேண்டியது!

கேள்வி: ஜப்பானில் வாங்கிய நின்டெண்டோ ஸ்விட்ச் (வீடியோ கேம் கருவி) இங்கே வேலை செய்யுமா? – மாணவன், நுவரெலியா

பதில்: பழைய ஸ்விட்ச் என்றால் செய்யும், மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றலாம், சார்ஜரும் நம் கரண்டுக்குத் தாங்கும், பிளக்குக்கு மட்டும் ஒரு அடாப்டர் வேண்டும். ஸ்விட்ச் 2 என்றால் கவனம், தம்பி. அங்கே மலிவாக விற்பது ஜப்பானிய மொழி மட்டும் உள்ள பதிப்பு, நாடு ஜப்பான் என்று பதிந்த நின்டெண்டோ கணக்கைத் தவிர வேறு கணக்கு அதில் ஏறாது. வாங்கித் தருகிறவரிடம் பல மொழிப் பதிப்பா என்று பெட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள்.