மாத்திரை என்பது அழுத்தத்தின் அளவு: வர்ம ஏடும் செயற்கை நுண்ணறிவும்

கேள்வி: என் தந்தை 72 வயதான வர்ம ஆசான்; உடம்பின் வர்மப் புள்ளிகளை விரலால் அழுத்தியும் தடவியும் சிகிச்சை செய்பவர். ஓராண்டாகக் கைகள் நடுங்குவதால் தடவுமுறை செய்வதைக் குறைத்துக்கொண்டார். தாத்தா காலத்து ஏட்டுக்கட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. சில ஏடுகளைப் படமெடுத்துக் கைபேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்தேன். நல்ல தமிழில் விளக்கம் தந்தது. தோள்வலிக்கு வைத்தியமும் சொன்னது. அதில் ஓரிடத்தில், "கால் மாத்திரை உட்கொள்ளக் கொடுக்க வேண்டும்" என்றது. எல்லா ஏடுகளையும் ஏற்றிவிட்டால், அப்பாவிடம் நான் கற்காமல் விட்டதை அது சொல்லித் தருமா? அதை நம்பி, வருகிறவர்களுக்குச் சிகிச்சை செய்யலாமா? (தக்கலை அருகிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: ஏட்டைப் படிப்பதற்கு அந்தச் செயலியைத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அதன் சொல்லை நம்பி ஒருவர் உடம்பில் விரல் வைக்கக் கூடாது. இதற்கான காரணம் நீங்கள் எழுதிய கடிதத்திலேயே இருக்கிறது. வர்ம ஏடுகளில் மாத்திரை என்பது விழுங்கும் மருந்தன்று, விரலால் கொடுக்கும் அழுத்தத்தின் அளவு. கால் மாத்திரை, அரை மாத்திரை, முக்கால் மாத்திரை, ஒரு மாத்திரை என்று அந்த அழுத்தம் படிப்படியாகக் கூடுகிறது. இன்று எழுதப்படும் தமிழில் மாத்திரை என்ற சொல் பெரும்பாலும் மருந்துக் கடையோடு சேர்ந்தே வருவதால், செயலி அந்தப் பொருளையே எடுத்துக்கொண்டு, ஏட்டில் இல்லாத "உட்கொள்ள" என்ற சொல்லையும் தானாகச் சேர்த்துவிட்டது என்றே கருதுகிறேன். காக்கட்டைக் காலம், உறக்கக் காலம் போன்ற பெயர்களில் வர்ம இடத்தையே குறிக்கும் "காலம்" என்பதை அது பொழுது என்று விளக்கினாலும் நான் வியப்படைய மாட்டேன்.

இத்தகைய செயலி மிகப் பெரிய அளவிலான எழுத்தைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்பதைக் கற்றுக்கொண்ட ஒரு கணிப்புமுறை. அழுத்தம் என்ற சொல்லைச் சுற்றி மக்கள் என்னென்ன எழுதியிருக்கிறார்களோ அதை அது அறியும்; அழுத்தத்தை அறியாது. சரியாகச் சொல்லும்போதும் தவறாகச் சொல்லும்போதும் அதன் நடை ஒரேபோல் தெளிவாக இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய கவலை, ஏனெனில் தெரியாத இடம் வரும்போது மனிதரிடம் தோன்றும் தயக்கத்தைக் கொண்டுதான் நாம் காலங்காலமாக ஒருவருடைய சொல்லை எடைபோட்டு வந்திருக்கிறோம்.

செயற்கை நுண்ணறிவுக்கு உடம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றும் சொல்லிவிட முடியாது. சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் கோளாற்றைப் படத்திலிருந்து கண்டறியும் முறை ஒன்று 2016இல் வெளியிடப்பட்டது. அதைப் பழக்குவதற்கு, கண் மருத்துவர்கள் பார்த்துத் தரம்பிரித்த 1,28,000க்கும் மேற்பட்ட விழித்திரைப் படங்கள் பயன்பட்டன. அந்த ஆய்வில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் பங்குண்டு. விழித்திரை படமாகப் பதிந்திருந்தது, பக்கத்திலேயே மருத்துவரின் முடிவும் இருந்தது. ஆகவே இயந்திரம் கற்றது. உங்கள் தந்தையின் கட்டைவிரல் ஐம்பது ஆண்டுகளாக உணர்ந்ததற்கு அப்படி எந்தப் பதிவும் இல்லை. ஏட்டில் இருப்பது இடத்தின் பெயரும் விரற்கடைக் கணக்கும் மாத்திரை அளவும், அங்கே அடிபட்டால் தோன்றும் குறிகளான குணங்களும்தான்; மற்றவற்றை ஆசான் பக்கத்திலிருந்து காட்டித் தருவார் என்று கருதியே அவை அவ்வளவு சுருக்கமாக எழுதப்பட்டன.

அந்த மற்றவை கையிலும் மூளையிலும் சேர்ந்தே இருக்கின்றன. மனித உள்ளங்கையிலும் விரல்களின் உட்புறத்திலுமாக ஒரு கைக்குச் சுமார் 17,000 தொடுவுணர் நரம்பிழைகள் இருப்பதாக 1979இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். விரல் நுனியில்தான் அவை மிகவும் அடர்த்தி. வயலின் போன்ற தந்திக் கருவிகளை வாசிப்போரின் இடக்கை விரல்களுக்கு மூளையில் ஒதுங்கும் பகுதி மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெரிதாக இருப்பதையும், சிறுவயதிலேயே பயிலத் தொடங்கியவர்களிடம் அது மேலும் தெளிவாகத் தெரிவதையும் 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆசானின் விரல்களை யாரும் அவ்வாறு அளந்து பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை, ஆனாலும் பயிற்சி என்பது உடம்பின் வழியாக மூளைக்குள் ஏறுவது என்பதற்கு இது போதும். அழுத்தும்போது தசை இறுகுவதையும் நோயாளியின் மூச்சு மாறுவதையும் உணர்ந்து, அந்தக் கணத்திலேயே அரை மாத்திரையைக் கால் மாத்திரையாகக் குறைக்கும் கை அது. தொடுவுணர்வுக் கருவிகள் பொருத்திய இயந்திரக் கைகள் உருவாகி வருகின்றன என்றாலும், உங்கள் கைபேசியிலுள்ள செயலிக்கு அப்படி ஒரு கை இல்லை.

இனி ஏட்டுக்கு வருவோம். படமெடுக்கும் முன் ஏட்டை மென்மையான தூரிகையால் துடைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெயை மெல்லியதாகத் தடவுங்கள். எழுத்து மங்கியிருந்தால் விளக்குக் கரி தடவி எடுப்பது பழைய வழக்கம், ஆனால் பழகிய ஒருவரை வைத்துச் செய்வதே நல்லது. செயலி தரும் எழுத்துப்பெயர்ப்பை முதல் வரைவாக மட்டும் கொள்ளுங்கள். பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி இராது. ஒற்றைக் கொம்பே குறிலுக்கும் நெடிலுக்கும் நிற்கும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். "தொடு வர்மம்" என்பதை "தோடு வர்மம்" என்றும் "தெரடு" என்றும் படிக்க இடமுண்டு. நூற்றெட்டு வர்மங்களைப் படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என்று பிரித்துக் கற்றவருக்கு இதில் குழப்பம் வராது, செயலிக்கு வரும். ஏட்டின் கடைசியில் ஆண்டு குறித்திருந்தால் அதையும் கவனியுங்கள்: நம் பகுதி ஏடுகளில் அது பெரும்பாலும் கேரள வழக்கிலுள்ள கொல்லம் ஆண்டாக இருக்கும். 1065 என்றிருந்தால் அது கி.பி. 1889-90, செயலி அதைச் சோழர் காலத்துக்குக் கொண்டுபோய்விடக் கூடும். வரைவை உங்கள் தந்தைக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவரும் ஐயப்படும் இடங்களுக்கு முஞ்சிறை சித்த மருத்துவக் கல்லூரியையோ, திருவனந்தபுரம் காரியவட்டத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகச் சுவடி நூலகத்தையோ அணுகலாம். சிகிச்சைக்கு வந்தவர்களின் பெயரோ முகமோ தெரியும் எதையும் செயலியில் ஏற்ற வேண்டாம். குருமுறையில் மறைவாகக் காக்கச் சொல்லப்பட்ட பகுதிகளை ஏற்றலாமா என்பதை உங்கள் தந்தையே முடிவு செய்யட்டும், ஏனெனில் இலவசச் செயலிகள் பலவற்றில் நாம் கொடுப்பது அவற்றின் அடுத்த பயிற்சிக்குப் பயன்படக்கூடும்.

இதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் தந்தை நல்ல நிலையில் இருக்கும் ஒரு காலைநேரத்தில், சமையலறையில் மாவு நிறுக்கும் மின் தராசை அவர் முன் வைத்து, கால் மாத்திரை அழுத்தச் சொல்லுங்கள்; பிறகு அரை, முக்கால், ஒன்று. ஒவ்வொன்றையும் பத்துமுறை செய்யச் சொல்லி, கிராம் கணக்கை எழுதி வையுங்கள். நடுக்கத்தால் எண்கள் சற்று ஏறி இறங்கும். அதையும் சேர்த்தே குறியுங்கள். நோயாளியின் வயதுக்கும் உடல்வாகுக்கும் ஏற்ப அந்த அளவு மாறும் என்பதால் அது சிகிச்சைக்கான சூத்திரமாகாது, என்றாலும் எந்தச் செயலியிடமும் கிடைக்காத குறிப்பு அது. அதன்பின் உங்கள் தோளிலேயே அழுத்தச் சொல்லி, அவர் என்ன உணர்கிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்துக் காணொளியாகப் பதியுங்கள். அடுத்து உங்கள் விரலை அவர் தோளில் வைத்து, அவர் திருத்தத் திருத்தக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் போதும் என்று சொல்லும்வரை நீங்கள் தனியாக யாருக்கும் சிகிச்சை செய்ய வேண்டாம். பனையிலிருந்தோ மாடியிலிருந்தோ விழுந்து நினைவிழந்தவரை யாரேனும் தூக்கி வந்தால், ஏட்டையும் பார்க்காமல் செயலியையும் கேட்காமல் 108க்கு அழையுங்கள்.

ஒன்றை மட்டும் நீங்கள் கேட்கவில்லை: தந்தையின் கை நடுக்கம். அதை வயோதிகம் என்று விட்டுவிடாமல், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். நடுக்கத்துக்குக் காரணங்கள் பல. தைராய்டு கோளாறும் சில மருந்துகளின் விளைவும் அவற்றில் அடங்கும், அவை சரிசெய்யக் கூடியவை. அவர் உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும், சித்த மருந்துகள் உட்பட, போகும்போது கையோடு கொண்டுபோங்கள்.