வரிசையில் நிற்பவரின் கோபம்

கேள்வி: நாங்கள் முறையாக விசா எடுத்து அமெரிக்கா வந்தவர்கள். பத்து வருடங்களுக்கு மேலாக கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்கிறோம். சட்டத்தை மீறி உள்ளே வந்தவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பினால் அதில் என்ன மனித உரிமை மீறல்? திருடன் ஜெயிலுக்குப் போனாலும்தான் அவன் குடும்பம் பிரிகிறது. நீங்கள் அவர்களுக்காகவே பரிந்து எழுதுவது எங்களைப் போன்றவர்களைப் புண்படுத்துகிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், டெக்சாஸ்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது தப்பான ஆள் மேல் பாய்கிறது.

வேலை அடிப்படையில் வருடத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள் தருகிறார்கள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. 140 கோடி பேர் இருக்கும் இந்தியாவுக்கும் அதே அளவு, ஐஸ்லாந்துக்கும் அதே அளவு. 1990-ல் அமெரிக்க காங்கிரஸ் போட்ட கணக்கு இது. இந்த உச்சவரம்பை நீக்கும் மசோதா 2019-ல் பிரதிநிதிகள் சபையில் 365-க்கு 65 என்ற வாக்கில் நிறைவேறியது. அடுத்த வருடம் செனட் வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. இரண்டு சபையும் ஒரே வடிவத்துக்கு வரவில்லை, மசோதா செத்துப்போனது. உங்களை நிறுத்தி வைத்திருப்பது அதுதான். கலிபோர்னியாவில் ஸ்ட்ராபெர்ரி பறிக்கும் ஒருவரை நாளைக்கே விமானத்தில் ஏற்றி அனுப்பினாலும் உங்கள் முறை ஒரு நாள்கூட முன்னால் வராது.

அவரும் வரிசையில் நின்றிருக்கலாமே என்கிறீர்கள். எந்த வரிசையில்? பட்டமோ சிறப்புப் பயிற்சியோ இல்லாத தொழிலாளர்களுக்குச் சட்டம் ஒதுக்கியிருப்பது உலகம் முழுவதற்கும் சேர்த்து வருடத்துக்கு அதிகபட்சம் 10,000 இடம். அண்ணனோ அக்காவோ அமெரிக்கக் குடிமக்களாக இருந்து மனுப் போட்டால், மெக்சிகோவில் பிறந்தவருக்கு இருபது வருடங்களுக்கு மேல் காத்திருப்பு. சரி, அமெரிக்கக் குடியுரிமை உள்ள ஒருவரைத் திருமணம் செய்துகொண்டால்? எல்லையைச் சோதனை இல்லாமல் தாண்டி வந்தவர், பெரும்பாலும் நாட்டை விட்டு வெளியே போய்த்தான் விசா கேட்க வேண்டும். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் ஆவணமின்றி இருந்தவர் வெளியே காலெடுத்து வைத்தால், 1996-ல் வந்த சட்டப்படி பத்து வருடம் திரும்பி வர முடியாது. விலக்கு கேட்கலாம், அது கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. இவ்வளவு காலம் இருந்தும் ஏன் சரிசெய்து கொள்ளவில்லை என்று பலரும் கேட்கிறார்கள். சரிசெய்யப் போனால் குடும்பத்தைப் பத்து வருடம் இழக்க நேரலாம் என்பதுதான் பதில்.

இனி உங்கள் திருடன். அமெரிக்காவில் சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய வழக்கில் மாட்டும் ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் உண்டு. பெரும்பாலான வழக்குகளில் ஜாமீன் கேட்கலாம். கடுமையான குற்றம் என்றால் ஜூரி உண்டு. தீர்ப்பு வந்தால் எந்தத் தேதியில் வெளியே வருவான் என்று அவன் மனைவிக்குத் தெரியும். நாடுகடத்தலுக்கு உள்ளாகிறவருக்கு இவை பெரும்பாலும் இல்லை. காரணம், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893-லேயே நாடுகடத்தல் தண்டனை ஆகாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. சீனத் தொழிலாளர்கள் மேல் வெறுப்பு உச்சத்தில் இருந்த காலத்துத் தீர்ப்பு அது. இன்றுவரை மொத்தக் கட்டடமும் அதன் மேல்தான் நிற்கிறது. குடிவரவு வழக்கை விசாரிக்கும் நீதிபதியே நீதித்துறையைச் சேர்ந்தவர் இல்லை, அரசாங்கத்தின் சட்டத்துறையில் சம்பளம் வாங்கும் அதிகாரி. இதே உச்ச நீதிமன்றத்தில் 1922-ல் நீதிபதி பிராண்டைஸ், நாடுகடத்தல் ஒருவரின் உடைமையையும் உயிரையும், வாழ்க்கையை வாழத் தகுந்ததாக ஆக்கும் எல்லாவற்றையும் பறித்துவிடக்கூடும் என்று எழுதினார். அதற்கப்புறமும் வக்கீல் வரவில்லை. சொந்தச் செலவில் வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் சட்டம் சொல்கிறது.

இது என்ன செய்கிறது என்று பாருங்கள். 2007 முதல் 2012 வரை நடந்த வழக்குகளை ஆராய்ந்தபோது, காவலில் இருந்தவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் வக்கீல் இருந்தார். மற்றவர்கள் தெரியாத மொழியில், தெரியாத சட்டத்தில், எதிரே அரசு வக்கீல் நிற்க, தாங்களே வாதாடினார்கள். குழந்தைகளுக்கும் இதுதான் கதி. தனியாக வந்த குழந்தைகளுக்கு வக்கீல் வேண்டும் என்று தொடுத்த வழக்கில், அரசுத் தரப்பில் சாட்சி சொன்ன மூத்த குடிவரவு நீதிபதி ஒருவர், மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகளுக்கே குடிவரவுச் சட்டத்தைத் தான் சொல்லிக்கொடுத்திருப்பதாகவும், அவர்கள் புரிந்துகொள்வதாகவும் சொன்னார். 2016-ல் அது வெளியே வந்தது. அதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

2018-ல் எல்லையில் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள். எந்தக் குழந்தை யாருடையது என்று துறைகளுக்கிடையே ஒழுங்கான பதிவுகூட இல்லை. அந்த ஜூனில் சான் டியாகோ நீதிபதி ஒருவர், ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களை 14 நாளிலும் மற்றவர்களை 30 நாளிலும் திருப்பி ஒப்படைக்க உத்தரவிட்டார். பல பெற்றோர் அதற்குள் நாடுகடத்தப்பட்டிருந்தார்கள். அவர்களைத் தேடும் வேலை வருடக்கணக்கில் நடந்தது. உங்கள் திருடனின் பிள்ளைக்கு அப்பா எந்தச் சிறையில் இருக்கிறார் என்றாவது தெரியும்.

2025 பிப்ரவரி 5-ஆம் தேதி அமிர்தசரஸில் இறங்கிய அமெரிக்க ராணுவ விமானத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 104 இந்தியர்கள். வழி முழுக்கக் கையிலும் காலிலும் விலங்கு என்று வந்தவர்கள் சொன்னார்கள். விலங்கிடுவது 2012 முதல் இருக்கும் நடைமுறை என்று நமது வெளியுறவு அமைச்சர் மாநிலங்களவையில் விளக்கம் தந்தார். நடைமுறை பழையது என்பதால் அது சரியாகிவிடுமா? அவர்களில் பலர் நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டுப் போனவர்கள். விலங்கு கழன்ற பிறகும் கடன் அப்படியே இருக்கிறது.

நாடுகடத்தல் வழக்கில் பிடித்தவர்களை அடைத்து வைக்கும் காவல் மையங்களில் பெரும்பாலானவை தனியார் நிறுவனங்கள் நடத்துபவை. உள்ளே இருப்பவர் சமைத்தும் துடைத்தும் வேலை செய்தால் நாளுக்கு ஒரு டாலர் கூலி என்பது பல இடங்களில் வழக்கம். 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் காவல் மையங்களுக்கென்று 4,500 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த செப்டம்பரில், குடிவரவு நீதிபதிகளுக்கு மேலே அதே சட்டத்துறையில் இருக்கும் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம், சோதனை இல்லாமல் எல்லை தாண்டியவர் எத்தனை வருடம் இங்கே வாழ்ந்திருந்தாலும் குடிவரவு நீதிபதியிடம் ஜாமீன் கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. நீதித்துறையைச் சேர்ந்த கூட்டாட்சி மாவட்ட நீதிமன்ற நீதிபதிகள் பலர் அதை ஏற்கவில்லை. அவர்களிடம் போய்ச் சேரவும் ஒரு வக்கீல் வேண்டுமே!

உங்களுக்கும் அவருக்கும் நடுவே இருக்கும் கோடு நீங்கள் நினைப்பதை விட மெல்லியது. எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால், வேறு வழி தேட அதிகபட்சம் 60 நாள் அவகாசம். சின்னக் குழந்தையாகக் கூட்டி வந்த மகளுக்கு 21 வயது ஆகும்போது கிரீன் கார்டு வந்திருக்காவிட்டால், உங்களைச் சார்ந்த விசா அவளுக்கு இல்லை. வேறு விசா கிடைக்காவிட்டால் அவளும் கிளம்ப வேண்டியதுதான். நீங்கள் எந்தத் தப்பும் செய்திருக்க மாட்டீர்கள். அவளும்தான்.

எல்லையைத் திறந்துவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். யார் வரலாம் என்று தீர்மானிக்கும் உரிமை எந்த நாட்டுக்கும் உண்டு. நான் கேட்பது சின்ன விஷயம். பிடித்தவரை ஒரு நீதிபதி முன் நிறுத்துங்கள், ஜாமீன் மனுவைக் கேளுங்கள், ஒரு வக்கீல் கொடுங்கள். நியூயார்க்கில் 2013-ல், காவலில் இருக்கும் ஏழைகளுக்குப் பொதுப் பணத்தில் வக்கீல் தரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதற்கு முன் அங்கே வக்கீல் இல்லாமல் வாதாடியவர்களில் வென்றவர்கள் 4 சதவீதம். திட்டத்தின்கீழ் வக்கீல் கிடைத்தவர்களில் 48 சதவீதம் பேர் வெல்வார்கள் என்று வேரா ஆய்வு நிறுவனம் 2017-ல் கணித்தது. சட்டம் மாறவில்லை. அப்படியானால் முன்பு விமானம் ஏற்றப்பட்டவர்களில் பலருக்கு, இங்கேயே இருக்கும் உரிமையை நீங்கள் மதிக்கும் அதே சட்டம் கொடுத்திருந்தது. எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் போனார்கள்.