படம் பாத்து அழுதீங்க சரி, பக்கத்து லயத்து புள்ளய பாத்தா?

வாசகர் கேள்வி பதில்

(போன தடவ டூரெட் சின்ட்ரோம், அதான் நெனைக்காமலே ஒடம்பு வெட்டி வெட்டி இழுக்குற, வாயில சத்தம் வர்ற வருத்தம், அத பத்தி ரெண்டு வரி எழுதினதுக்கு வந்த கேள்விங்களே இந்த பக்கம் முழுக்க ஆயிருச்சு. கரண்ட் பில், பென்சன் கேள்வியெல்லாம் அடுத்த தடவ பாப்போம், கோவிச்சுக்காதீங்க.)

கே: அண்ணே, லண்டன்ல இருக்குற மச்சான் சொல்லி 'ஐ ஸ்வேர்' படம் பாத்தேன். அழுதே போயிட்டேன். ஆனா ஒரு சந்தேகம், வாய்க்கு வந்த கெட்ட வார்த்தையெல்லாம் பேசிட்டு எனக்கு வருத்தம்னு ஒருத்தர் சொன்னா நம்பிரலாமா? — வாசகர், ஹட்டன்

ப: நம்பலாம் தம்பி. அது ஜோடிச்ச கதை இல்ல, ஸ்கொட்லாந்துல கலாஷீல்ஸ்ங்கிற சின்ன டவுன்ல வளந்த, டூரெட் உள்ள ஜோன் டேவிட்சனோட சொந்த வாழ்க்கை. 1989ல பிபிசி அவர பத்தி டொக்குமென்டரி எடுத்தப்போ அவரு பள்ளிக்கூட வயசு பையன், அந்த காலத்துல டூரெட்னா என்னன்னு அங்கயே முக்காவாசி பேருக்கு தெரியாது. 2019ல அவருக்கு எம்பிஈங்கிற பிரிட்டிஷ் அரச பட்டம் குடுத்தாங்க, அத வாங்க போன எடத்துல ராணி இருக்குறப்பவே வாயில கெட்ட வார்த்தை வந்துருச்சு, படமே அங்கதான் தொடங்குது. யோசிச்சு பாருங்க, பட்டம் வாங்குற அன்னைக்கு எவனாச்சும் வேணும்னு அப்படி பேசுவானா? பேசக்கூடாத எடம்னு மூளைக்கு எவ்வளவு தெரியுதோ அவ்வளவுக்கு அது முட்டிக்கிட்டு வெளிய வரும், அதான் இந்த வருத்தத்தோட கொடுமை.

ஆனா ஒண்ணு சொல்லணும். கெட்ட வார்த்தை வர்றது டூரெட் உள்ளவங்கள்ல பத்துல ஒருத்தருக்கு, மிஞ்சினா கொஞ்சம் கூட. மத்தவங்களுக்கு கண்ண சிமிட்டுறது, தோள தூக்குறது, கழுத்த வெடுக்குனு வெட்டி இழுக்குறது, மூக்க உறிஞ்சுறது, தொண்டைய கனைச்சுக்கிட்டே இருக்குறது, இப்படித்தான். டேவிட்சனோட கதை அவரோடது, அத கொற சொல்ல முடியாது. ஆனா படம் பாத்துட்டு டூரெட்னாலே தூஷணம் பேசுறதுன்னு மனசுல பதிஞ்சா, அமைதியா கண்ண சிமிட்டிக்கிட்டு பின் பெஞ்சுல இருக்குற புள்ள நம்ம கண்ணுக்கு தெரியாமலே போயிரும்.

படத்துல எனக்கு புடிச்சது டொட்டிங்கிற அம்மா. கூட்டாளியோட அம்மா, மனநல நர்ஸ். இந்த வீட்டுக்குள்ள இதுக்கெல்லாம் மன்னிப்பு கேக்கக்கூடாதுன்னு சொல்லிருவாங்க. அப்புறம் வேல போட்டு குடுக்குற டொமி. மருந்து மாத்திரைய விட இந்த ரெண்டு பேர்தான் அவர மனுசனாக்கி விடுறாங்க.

கே: இதே மாதிரி ஹிந்தி படம் ஒண்ணு இருக்காமே? — வாசகி, வட்டவளை

ப: 'ஹிச்கி', 2018ல வந்தது, ராணி முகர்ஜி டூரெட் உள்ள டீச்சரா வருவாங்க. அமெரிக்காவுல பிரட் கோஹன்னு ஒரு டீச்சர் எழுதின சொந்த கதைய வச்சு எடுத்தது. அந்த மனுசன 24 பள்ளிக்கூடம் வேல இல்லன்னு திருப்பி அனுப்பி, 25ஆவதுதான் எடுத்திச்சு. படத்துல பாட்டு, அழுக, கைத்தட்டு எல்லாம் பொலிவூட் கணக்குல தூக்கலா இருக்கும். ஆனா மகளோட சத்தத்துக்கு வெக்கப்படுற அப்பா வர்ற சீன் எல்லாம் கெட்டியா இருக்கு. வீட்டோட ஒக்காந்து பாக்கலாம்.

கே: ஐயா, எம் மகனுக்கு ஒம்பது வயசு. போன வருசம் கண்ண சிமிட்ட தொடங்கினான், கண்ணாடி போட்டோம். அது கொறஞ்சு கழுத்த ஒரு பக்கம் வெட்டுறான், இப்ப தொண்டையில 'க்கும் க்கும்'னு சத்தம் வேற. கிளாஸ்ல கொழப்புறான்னு டீச்சர் வெளிய நிறுத்துறாங்க. அவுங்கப்பா சத்தம் கேட்டாலே அடிக்கிறாரு. மாமியார் ஏதோ காத்து கருப்புன்னு கோடாங்கிகிட்ட கூட்டிட்டு போயி நூல் கட்டுனாங்க, ரெண்டு கெழம நல்லா இருந்தான், மறுபடி வந்துருச்சு. என்ன செய்யிறதுன்னு தெரியல. — ஒரு அம்மா, பொகவந்தலாவை பக்கத்து தோட்டம்

ப: தங்கச்சி, மொதல்ல ஒண்ணு சொல்லிர்றேன், நீங்க எழுதினத வச்சு இது டூரெட்தான்னு நான் முடிவு சொல்ல முடியாது, டொக்டர்தான் சொல்லணும். அவங்க பாக்குறது இதத்தான்: ஒடம்புல ரெண்டு வகையாச்சும் வெட்டு, சத்தம் ஒண்ணாச்சும், தொடங்கி ஒரு வருசத்துக்கு மேல ஆயிருக்கணும், 18 வயசுக்கு முன்னாடி தொடங்கியிருக்கணும். அஞ்சு ஏழு வயசுல வரும், பத்து பன்னெண்டு வயசுல ரொம்ப கூடும், பதினெட்ட நெருங்குறப்போ நெறைய பேருக்கு நல்லா கொறஞ்சிரும், சிலருக்கு நின்னும் போயிரும். பொம்பள புள்ளைங்கள விட ஆம்பள புள்ளைங்களுக்கு மூணு நாலு மடங்கு அதிகம். 1885லயே ஜில் டி லா டூரெட்ங்கிற பிரெஞ்சு டொக்டர் ஒம்பது பேர பாத்து எழுதி வச்ச வருத்தம் இது, காத்தும் இல்ல கருப்பும் இல்ல, யாரும் செஞ்சு வச்சதும் இல்ல, நீங்க வளத்த கொறயும் இல்ல.

இப்ப அந்த நூல் விசயத்துக்கு வருவோம். இந்த வெட்டு எப்பவும் ஒரே அளவுல நிக்காது, கெழம கணக்குல ஏறும், தானா எறங்கும், ஒண்ணு போயி இன்னொண்ணு வரும், ஒங்க மகனுக்கு கண்ணுல இருந்து கழுத்துக்கு போன மாதிரி. நாம எப்ப கோடாங்கிய தேடி ஓடுவோம்? உச்சத்துல இருக்குறப்போதான். உச்சத்துக்கு அப்புறம் அது எப்படியும் எறங்கத்தான் போவுது, எறங்குறப்போ கையில நூல் இருக்கு, பேரு நூலுக்கு போயிருது. கண்ணாடிக்கும் அதே கததான். மாமியார்கிட்ட சண்ட போடாதீங்க, சாமி கும்புடட்டும், திருநீறு பூசட்டும், ஒரு நட்டமும் இல்ல. ஆனா மொளகா பொகை போடுறது, வேப்பங்கொழையால அடிக்கிறது இதுக்கெல்லாம் புள்ளய குடுத்துராதீங்க.

அவுங்கப்பாகிட்ட இத வாசிச்சு காட்டுங்க. அண்ணே, மழ நாள்ல மலைக்கு போயி அட்டை கடிச்ச எடத்த சொறியாதன்னு ஒங்கள சொன்னா எவ்வளவு நேரம் இருப்பீங்க? ஒரு அஞ்சு நிமிசம் பல்ல கடிச்சுக்கிட்டு இருக்கலாம், அப்புறம் கை தானா போயிரும்ல. அவனுக்கும் வெட்டுறதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ள ஒரு அரிப்பு மாதிரி ஏறும், வெட்டினாத்தான் அது தணியும். கொஞ்ச நேரம் அடக்கலாம், அதனாலதான் கிளாஸ்ல அடக்கி வச்சுட்டு வீட்டுக்கு வந்ததும் அள்ளி கொட்டுவான், அத பாத்துட்டு நாம "அங்க இல்லாதது இங்க மட்டும் எப்படி வருது, நடிக்கிறான்"னு நெனப்போம். அடிச்சா பயம் கூடும், பயம் கூடினா வெட்டு கூடும். "நிறுத்துடா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாலும் அதே கததான்.

லயத்துல இது கஷ்டம்னு எனக்கு தெரியும். ஒரு செவுரு தள்ளி அடுத்த வீடு, ராத்திரி புள்ள கனைச்சா மூணு காம்பராவுக்கு கேக்கும், விடிஞ்சா பெரட்டுல அதான் பேச்சு. ஒளிச்சு வைக்காதீங்க, பக்கத்து வீட்டு அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க, இது ஒரு வருத்தம், அவன் வேணும்னு செய்யல, கவனிக்காத மாதிரி விட்டுருங்கன்னு.

ஆஸ்பத்திரிக்கு போறதுக்கு முன்னாடி, கூடுதலா இருக்குற நேரத்துல போன்ல ஒரு நிமிச வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, ஏன்னா டொக்டர் முன்னாடி போயி ஒக்காந்ததும் புள்ள செல மாதிரி இருப்பான், நீங்க பொய் சொன்ன மாதிரி ஆயிரும். டிக்கோயா ஆஸ்பத்திரியில காட்டி, புள்ளைங்க டொக்டர்கிட்டயோ மனநல கிளினிக்குக்கோ கடிதம் கேளுங்க, தேவப்பட்டா நுவரெலியாவுக்கோ பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவாங்க. மனநல கிளினிக்னதும் பைத்தியம்னு அர்த்தம் இல்ல. அரசாங்க ஆஸ்பத்திரியில காசு இல்ல, ஒங்களுக்கு ஒரு நாள் பேரு (சம்பளம்) போகும், பஸ் காசு ஆகும், அதுதான் செலவு. பாஷ பிரச்சின இருந்தா சிங்களம் தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டு போங்க, இல்லன்னா என்னைக்கு தொடங்கிச்சு, எது எதுன்னு ஒரு தாள்ல சிங்களத்துல எழுதி வாங்கிட்டு போங்க.

எல்லா புள்ளைக்கும் மாத்திர வேணாம். கழுத்து வெட்டு வர்ற நேரத்துல நாடிய மெதுவா கீழ எறக்கி கழுத்த இறுக்கி புடிக்கிறது, சத்தம் வர்றப்போ மூக்கால மெதுவா மூச்சு விடுறது, இப்படி மாத்து அசைவு சொல்லி குடுக்குற பயிற்சி இருக்கு, கிளினிக்ல கேளுங்க. படிப்புல கவனம் இல்லாம துருதுருன்னு இருக்கானா, ஒரே விசயத்த திரும்ப திரும்ப செய்யிறானான்னும் சொல்லுங்க, டூரெட்டோட அதுவும் சேந்து வர்றதுண்டு, சில நேரம் வெட்ட விட அதுதான் பெரிய தொல்ல. கொழுந்து எடுக்குற மலையில இருந்தே பேசணும்னாலும் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல லைன்.

கே: என் கிளாஸ்ல இப்படி ஒரு மாணவன். மத்த புள்ளைங்களும் அவன மாதிரியே செய்து சிரிக்கிறாங்க. இது ஒட்டிக்குமா? என்னால பாடம் நடத்த முடியல. — ஒரு டீச்சர், பண்டாரவளை

ப: ஒட்டாது டீச்சர், அவங்க செய்யிறது கேலி. கேக்க நாதியில்லாம அவன வெளிய நிறுத்துறவங்க இருக்காங்க, நீங்க கேட்டு எழுதினீங்களே, அதுக்கே ஒரு கும்புடு. பிரட் கோஹனோட வாழ்க்கையிலயே இதுக்கு பதில் இருக்கு. சின்ன வயசுல அவரோட பிரின்சிபல் அவர எல்லா புள்ளைங்க முன்னாடியும் மேடைக்கு கூப்பிட்டு, இந்த சத்தம் ஏன் வருது, ஒனக்கு எங்ககிட்ட என்ன வேணும்னு கேட்டாரு. அவரே சொன்னதுக்கப்புறம் கேலி அடங்கிருச்சு. ஆனா உங்க மாணவனோட, அவுங்க அம்மாவோட சம்மதம் இல்லாம அப்படி எழுப்பி விட்டுறாதீங்க, கூச்சப்படுற புள்ளையா இருந்தா நீங்களே பேசிருங்க. ஓரத்துல எடம் குடுங்க, கேக்காமலே வெளிய போயி ரெண்டு நிமிசம் வெட்டி முடிச்சுட்டு வர விடுங்க. சத்தம் வந்தா நீங்க திரும்பி பாக்காம கரும்பலகையில எழுதிக்கிட்டே இருங்க, டீச்சர் பாக்கலன்னா புள்ளைங்களும் பாக்காது. ஸ்கொலர்ஷிப் எழுதுறவன்னா டொக்டர் கடிதத்தோட தனி ரூம் கேட்டு இப்பவே எழுதி போடுங்க.

கே: எனக்கு 27. சின்ன வயசுலயே கண்ணும் தோளும் வெட்டும், இப்ப கொறவு. வீட்டுல பொண்ணு பாக்குறாங்க. சொல்லாதடா, தரகர் பாத்துக்குவாருன்னு அம்மா சொல்றாங்க. புள்ளைங்களுக்கும் வருமா? — வாசகர், பதுளை

ப: பரம்பரையில ஓடுறதுதான், ஆனா கட்டாயம் வரும்னு இல்ல, வந்தாலும் ஒங்கள மாதிரி லேசா இருக்கலாம். பயம் இருந்தா டொக்டர்கிட்ட ரெண்டு பேருமா போயி கேளுங்க.

சொல்றத பத்தி கேட்டா, சொல்லிருங்க. பொண்ணு பாக்குற அன்னைக்கு பதட்டத்துல தோளு சும்மா இருக்காது, கண்ணு அதுக்கு மேல. அங்க ஒக்காந்திருக்குற பெரிசுங்க மாப்புள பொண்ண பாத்து கண்ணடிக்கிறாருன்னு எடுத்துக்குவாங்க. அதுக்கு முன்னாடியே பொண்ணுகிட்ட போன்ல நீங்களா பேசுங்க. தரகர்கிட்ட விட்டா அவரு "லேசா குளிர் நடுக்கம்"னு சொல்லி வச்சுருவாரு.