வெட்டிய கிளைக்குப் பெயின்ட் பூசலாமா? மரப் பராமரிப்பை எங்கே கற்பது?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் சிலர் சேர்ந்து தெருவோரம் நட்ட கன்றுகள் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டன. நாங்களே கவாத்து செய்ய, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டிச் சீராக்கப் பழக நினைக்கிறோம். ஒரு வீடியோ, கிளையை அடிமரத்தோடு ஒட்ட வெட்டிப் பெயின்ட் பூசச் சொல்கிறது. இன்னொன்று பூசவே கூடாது என்கிறது. எதை நம்புவது? முறையாகக் கற்க எங்கே தொடங்குவது?

பதில்: இரண்டாவதை நம்புங்கள். பெயின்ட் மட்டுமல்ல, ஒட்ட வெட்டுவதும் தவறுதான்.

நம் தோலில் காயம் ஆறுவதுபோல மரத்தில் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள் தடுப்பு எழுப்பி, அழுகல் பரவாமல் அடைத்துவைக்கும். அதன்மேல் புதிதாக வளர்ந்து மூடிக்கொள்ளும். இதற்குப் பெயின்ட் தேவையில்லை. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் அறுத்து உள்ளே பார்த்தவர். 1977-ல் வெளியான அவருடைய விளக்கம்தான் இன்றைய கவாத்து முறைக்கு அடிப்படை. கிளை அடிமரத்தைச் சேருமிடத்தில் சற்றே புடைத்த வளையம் தெரியும். காயம் மூடும் வேலை அங்கிருந்துதான் நடக்கிறது. ஒட்ட வெட்டினால் வளையமே போய்விடும். வளையத்தைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே வெட்டுங்கள். அதற்காக முளைக்குச்சிபோல நீட்டி விட்டுவிடவும் கூடாது; அது காய்ந்து அழுகும்.

கனமான கிளையை ஒரே வெட்டில் எடுத்தால் பட்டை உரிந்து அடிமரம்வரை கிழியும். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளிக் கிளையின் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்குங்கள். மீதிக் கட்டையைக் கடைசியாக வளையத்துக்கு வெளியே எடுங்கள்.

ஆனால் நானாக இருந்தால் முதலில் ரம்பத்தைக் கையில் எடுக்கமாட்டேன். உங்கள் மரங்களின் வயதில் கிளையைவிட அடிப்பகுதியில்தான் கோளாறு அதிகம். முட்டுக்கம்பில் கட்டிய கயிறு பட்டைக்குள் புதைந்திருக்கிறதா? முட்டு ஓர் ஆண்டுக்குமேல் பெரும்பாலும் தேவைப்படாது. அடிமரம் விரிந்து வேராகப் பிரியுமிடம் வெளியே தெரிகிறதா, மண்ணுக்குள் மூழ்கிவிட்டதா? சிமென்ட் அடிமரத்தை நெருக்குகிறதா? மண்மேல் சருகு, இலைதழை பரப்பும் மூடாக்கு 5 முதல் 10 செ.மீ. கனம் போதும், அதுவும் அடிமரத்தைத் தொடாமல் இருக்கவேண்டும். இவற்றைச் சரிசெய்தபின் மேலே பாருங்கள். சம உயரத்தில் இரு தண்டுகள் போட்டிபோட்டால் ஒன்றைத் தலைமைத் தண்டாக வைத்துக்கொண்டு மற்றதைக் குறையுங்கள். பிற்காலத்தில் மரம் கவட்டையில் பிளப்பதை இந்தச் சின்ன வேலை தவிர்க்கும். ஓர் ஆண்டில் உயிருள்ள இலைப்பரப்பில் கால்பங்குக்குமேல் எடுக்கவேண்டாம்.

கற்பதற்கு, 1924-ல் தொடங்கிய ஐ.எஸ்.ஏ. என்னும் சர்வதேச மரவளர்ப்பியல் சங்கம் பொதுமக்களுக்காக நடத்தும் 'ட்ரீஸ் ஆர் குட்' தளம் நல்ல தொடக்கம். நடவு, கவாத்து, ஆபத்து அறிகுறி என்று தனித்தனியே இலவசக் குறிப்புகள் இருக்கின்றன. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2016-ல் வெளியிட்ட நகர்ப்புறக் காடுகள் வழிகாட்டியும் இலவசம்தான். அது திட்டமிடுவோருக்கானது, உள்ளாட்சியிடம் பேசப்போகும்போது கைகொடுக்கும். மரங்களின் பயனைக் கணக்கிட 'ஐ-ட்ரீ' என்ற இலவச மென்பொருள் உண்டு. உங்கள் தெருவுக்கு இப்போதைக்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும்: மரவகை, மார்பு உயரத்தில் சுற்றளவு, கண்ட குறை, செய்த வேலை, தேதி.

இந்த ஏடுகளில் பல குளிர்நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மரம் காயத்தை மூடும் விதம் எங்கும் ஒன்றுதான். 'குளிர்காலக் கடைசியில் வெட்டு' என்பதுபோன்ற காலக்கணக்கு எங்கும் பொருந்தாது. எந்த மரத்தை எப்போது வெட்டலாம் என்பதை உங்கள் பகுதி வனத்துறையிடமோ வேளாண் பல்கலைக்கழகத்திடமோ கேளுங்கள். வேறு கையேடோ வீடியோவோ கிடைத்தால், உச்சியை மொட்டையடிப்பதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். அதைப் பராமரிப்பு என்று சொன்னால் மேற்கொண்டு பார்க்கவேண்டியதில்லை.

தெருமரம் பெரும்பாலும் உள்ளாட்சியின் சொத்து. வெட்டுமுன் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தரையில் நின்று எட்டும் கிளைகளோடு உங்கள் வேலை முடிந்தது. ஏணி போட்டு ரம்பம் பிடிப்பதும், மின்கம்பிக்கு அருகே வெட்டுவதும் பயிற்சி பெற்றவர்கள் வேலை.