மட்டை இல்லாத சிலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பணி ஓய்வு பெற்ற பின் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்குவதற்காக அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள புஷ் ஸ்டேடியத்துக்கு வெளியே பேஸ்பால் வீரர்களின் சிலைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபடி தரைக்கு இணையாக அந்தரத்தில் நீண்டு கிடக்கிறது. அது ஓஸி ஸ்மித் என்றும், அவர் 19 பருவங்கள் ஆடி மொத்தமாக 28 ஹோம் ரன்தான் (நம் சிக்ஸரைப் போல எல்லைச் சுவரைத் தாண்டும் அடி) அடித்தார் என்றும் மருமகன் சொன்னார். ஒரே பருவத்தில் அத்தனை அடிப்பவர்கள் பலர் இருக்க, இவருக்குச் சிலையும், தலைசிறந்த வீரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் பெருமையும் எதற்காக? கிரிக்கெட்டில் நாமும் நல்ல ஃபீல்டிங்கைப் பாராட்டுகிறோம். ஆனால் அதற்காக மட்டுமே ஒருவரை அணியில் வைத்துக்கொள்வதில்லையே?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

உங்கள் கேள்வியிலேயே விடைக்கான வழியும் இருக்கிறது. கிரிக்கெட்டில் பந்தை அடித்தவர் ஓடாமல் நின்றுகொள்ளலாம். பேஸ்பாலில் அந்த உரிமை இல்லை. பந்தை ஆடுகளத்துக்குள் அடித்துவிட்டால் 90 அடி தொலைவிலுள்ள முதல் பேஸை நோக்கி அவர் ஓடியே ஆக வேண்டும். அவர் அங்கே போய்ச் சேர நான்கு நொடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் தரையோடு வரும் பந்தைத் தடுத்து, எடுத்து, முதல் பேஸில் நிற்பவரின் கைக்கு எறிந்துவிட்டால் அவர் அவுட். ஆகவே பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டரான இன்ஃபீல்டர் செய்வது ஓட்டத்தைக் குறைக்கும் வேலை அன்று. ஒவ்வொரு தரைப்பந்திலும் அவர் ஒரு ரன் அவுட் செய்கிறார் என்று வைத்துக்கொண்டால் அவருடைய இடம் விளங்கும். ஓர் ஆட்டத்தில் ஓர் அணி பொதுவாக 27 பேரை அவுட்டாக்க வேண்டும். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பின் பக்கம் பந்து மிகுதியாக வரும். அவர் எறிய வேண்டிய தூரமும் அதிகம். ஓஸி ஸ்மித் அந்த இடத்தில் ஆடியவர்.

இப்படி ஒரு ஃபீல்டர் எறிந்து, மற்றவர் அவுட்டை முடித்தால், எறிந்தவர் கணக்கில் ஓர் அசிஸ்ட் சேரும். 1980-ம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் ஸ்மித்துக்கு 621 அசிஸ்ட்; ஷார்ட்ஸ்டாப் ஒருவர் ஒரு பருவத்தில் செய்தவற்றில் அதுவே உச்சம். ஓய்வு பெறும்போது அவருடைய மொத்தக் கணக்கு 8,375. மருமகன் சொன்ன 28 உண்மைதான். அதற்குப் பக்கத்தில் இந்த எண்ணையும் எழுதிவைத்துப் பாருங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தக் கைகள் எங்கே பழகின என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் கதை. 1954-ல் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் பிறந்த ஸ்மித், சிறு வயதில் குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். 1965-ல் அங்கே கலவரம் மூண்டபோது, துப்பாக்கிச் சூட்டுக்கு அஞ்சி வீட்டார் எல்லோரும் தரையில் படுத்து உறங்கினார்கள். அந்தச் சிறுவனின் விளையாட்டுகளை நினைத்துப் பாருங்கள். வீட்டு வாசலின் சிமெண்ட் படிக்கட்டில் பந்தை எறிவான். அது எகிறி வருவதைப் பிடிப்பான். ஒவ்வொரு முறையும் ஓர் எட்டு முன்னால் நகர்ந்துகொள்வான், பந்து இன்னும் விரைவாகத் திரும்பி வரட்டும் என்று. கூரைக்கு மேலே பந்தை வீசிவிட்டு, அது விழுவதற்குள் வீட்டைச் சுற்றி மறுபக்கம் ஓடிப் பிடிக்கப் பார்ப்பான். பக்கத்து மரக்கடையில் நண்பர்களோடு டயர் ட்யூபில் எகிறி மரத்தூள் குவியலில் குட்டிக்கரணம் போடுவான். பிற்காலத்தில் பருவத்தின் தொடக்க ஆட்டத்தன்று அவர் பின்புறமாகக் கரணம் போட்டு மைதானத்துக்குள் வருவதைக் காண மக்கள் காத்திருந்தார்கள்; அதன் ஆரம்பம் அந்த மரத்தூளில்தான்.

1977-ல் சான் டியாகோ பாட்ரேஸ் அணி 5,000 டாலருக்கு அவரை ஒப்பந்தம் செய்தது. மறு ஆண்டு ஏப்ரலில், உயர்மட்டமான மேஜர் லீக் ஆட்டத்துக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்த அவர் செய்த ஒன்றைப் படமாக இன்றும் பார்க்கலாம். அட்லாண்டா அணியின் ஜெஃப் பரோஸ் அடித்த பந்து இரண்டாம் பேஸை ஒட்டி வெளியே போகப் பார்க்கிறது. ஸ்மித் இடப்பக்கம் பாய்கிறார். கையுறை அணிந்த இடக்கை முன்னே நீள்கிறது. உடல் காற்றில் இருக்கும் அந்த நொடியில் பந்து எதிலோ பட்டு, அவர் எதிர்பார்த்த பாதையை விட்டு அவருக்குப் பின்பக்கமாக எகிறுகிறது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று பார்ப்பவர் நினைக்கும்போது, வெறும் வலக்கை பின்னால் போய்ப் பந்தைப் பற்றுகிறது. தரையில் விழுந்த வேகத்திலேயே எழுந்து எறிகிறார். பரோஸ் அவுட். நான் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தக் கை எப்போது முடிவெடுத்தது என்பதை ஒருமுறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. படிக்கட்டுக்கு முன்னால் நெருங்கி நெருங்கி நின்ற சிறுவனே என் நினைவுக்கு வருகிறான்.

மட்டையில் அவர் பலவீனமானவர் என்பதை நான் மறைக்கவில்லை. 1979-ம் ஆண்டுப் பருவத்தைத் தொடங்கியபோது முதல் 32 வாய்ப்புகளில் ஒரு ஹிட் (அடித்தவர் பத்திரமாகப் பேஸைச் சேரும் அடி) கூட இல்லை. 1982-ல் அவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு மாறினார். அங்கே மேனேஜராக இருந்த வைட்டி ஹெர்சாக், இந்த ஒல்லியான உடம்பு பந்தை உயர அடிப்பதில் பயனில்லை என்று கண்டு ஒரு பந்தயம் கட்டினார்: பந்தைத் தூக்கி அடித்தால் ஸ்மித் ஒரு டாலர் தர வேண்டும், தரையோடு அடித்தால் ஹெர்சாக் ஒரு டாலர் தருவார். பருவம் முடியும்போது ஏறக்குறைய 300 டாலர் ஸ்மித்தின் பக்கம் வந்திருந்தது; அந்த ஆண்டே கார்டினல்ஸ், பருவத்தின் சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரை வென்றது. 1987-ல் ஒரு ஹோம் ரன்கூட அடிக்காமல் அவருடைய சராசரி .303-ஐத் தொட்டது; அதாவது பத்து வாய்ப்புக்கு ஏறக்குறைய மூன்று ஹிட். முடிவில் அவர் பெயரில் 2,460 ஹிட்டும் களவாடிய (அடிக்குக் காத்திராமல் ஓடிப் பிடித்த) 580 பேஸும் இருந்தன. ஃபீல்டிங்குக்காக மட்டுமே வைத்துக்கொள்ளப்பட்டவர் என்று சொல்வது, ஆகவே, அவருக்கு முழு நியாயம் ஆகாது.

1985-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தைச் செயின்ட் லூயிஸில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். நேஷனல் லீக் இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டம். எதிரணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு அணியும் 2-2 என்று சமநிலை. இரு கையாலும் ஆடும் ஸ்மித் அன்று இடக்கை ஆட்டக்காரராக நின்றார். அதற்கு முன் இடக்கையால் ஆடிய 3,009 வாய்ப்புகளில் ஒரு ஹோம் ரன்கூட அடித்ததில்லை. டாம் நீடன்ஃப்யூர் வீசிய பந்தை வலப்புறச் சுவருக்கு மேலே அடித்து ஆட்டத்தை முடித்தார்.

எனக்கு அந்த அடியைவிட முக்கியமாகப் படுவது, அதே பருவத்தில் அவர் வெளியில் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று. கோடையில் முதல் பேஸுக்குப் பாய்ந்து திரும்பியபோது வலத் தோளில் அடிபட்டு, பிறகு உள்தசை கிழிந்துவிட்டது. எறிவதுதான் ஷார்ட்ஸ்டாப்பின் தொழில். எறியும் தோளோ கிழிந்து கிடக்கிறது. அது தெரிந்தால் எதிரணியினர் துணிந்து ஓடுவார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. அறுவை சிகிச்சையைத் தவிர்த்து, எடைப் பயிற்சியால் கைக்கு வலுவேற்றிக்கொண்டு, வலியோடு ஆடினார். 1980 முதல் 1992 வரை சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் க்ளவ் விருதுகள் 13-ஐத் தொடர்ந்து அவர் வாங்கினார். அவற்றில் பாதிக்கும் மேல் அந்தக் காயத்துக்குப் பின் வந்தவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

புள்ளிவிவரம் பார்த்து வாதிடுபவர்கள், அவர் பெயரில் பிழைகளும் இருக்கின்றனவே என்று உங்களிடம் சொல்லக்கூடும். இருக்கின்றன. ஆனால் பேஸ்பாலில் பிழை எழுதும் முறையில் ஒரு குறை உண்டு. பந்தை எட்டாதவருக்குப் பிழை எழுதப்படுவதில்லை. அது ஹிட் என்று பதிவாகிவிடும். மற்றவர் எட்டாத பந்தை ஓடி எட்டி, எறியும்போது தவறியவருக்கே பிழை. பிறர் நின்று பார்த்த பந்துகளுக்கெல்லாம் பாய்ந்த ஒருவரை பிழைக் கணக்கை மட்டும் வைத்து அளந்தால், அவர் உழைப்பையே அவருக்கு எதிராக எழுதியதாகும்.

1996-ல், தொடக்க ஆட்டக்காரர் இடத்தை இளையவர் ஒருவரோடு பகிர்ந்துகொண்ட மனக்கசப்போடு, அவர் ஓய்வு பெற்றார். 2002-ல் வாக்குச்சீட்டில் பெயர் வந்த முதல் ஆண்டிலேயே 91.7 சதவீத வாக்குகளோடு ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானார். நீங்கள் பார்த்த சிலையும் அதே ஆண்டு திறக்கப்பட்டது. அதைச் செய்த ஹாரி வெபர், அவர் கையில் மட்டையைக் கொடுக்கவில்லை.

அடுத்த முறை மகள் வீட்டுக்குச் செல்லும்போது மருமகனோடு ஒரு ஆட்டத்துக்குப் போய், பந்து வீசப்படும் ஒவ்வொரு முறையும் பேட்டரைப் பார்க்காமல் ஷார்ட்ஸ்டாப்பின் கால்களைப் பாருங்கள். மட்டையில் பந்து படுவதற்கு முன்பே அவர் அசையத் தொடங்கியிருப்பார்.

அன்புடன்