மூடாக்கில் மஞ்சள் நுரை, தட்டில் பச்சைப் பூசணம்: வாசகர் கேள்வி பதில்

மழை பெய்த மறுநாள் காலை, மாடித்தோட்டத் தொட்டியில் மூடாக்கின் மேல் மஞ்சள் நுரை போல ஏதோ படர்ந்திருந்தது. கத்தரிச் செடிக்கு நோய் வந்துவிட்டதா? என்ன மருந்து அடிக்கலாம்?

மருந்தே வேண்டாம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பெரும்பாலும் ஃபுலிகோ செப்டிகா என்ற சளிப்பூஞ்சை. பெயரில்தான் பூஞ்சை, உறவு அமீபாவோடு. மட்கும் இலையிலும் மரச்சீவலிலும் உள்ள பாக்டீரியாவையும் பூஞ்சை வித்துகளையும் விழுங்கி வாழ்கிறது. செடியின் சாற்றை உறிஞ்சுவதில்லை. இரண்டொரு நாளில் மேலே ஓடு கட்டி, உள்ளே கரும்பழுப்புத் தூளாகிவிடும். அந்தத் தூள்தான் வித்துகள். ஆகவே ஈரமாக இருக்கும்போதே கரண்டியால் அள்ளி எடுத்துவிடுங்கள். காய்ந்த பிறகு தண்ணீரைப் பீய்ச்சினால் தூள் கிளம்பும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது.

பள்ளி அறிவியல் மன்றத்துக்காக, தாளில் உலர்த்திய பிசாரம் என்ற சளிப்பூஞ்சையை வாங்கினோம். இரண்டு முறை வைத்தும் பச்சைப் பூசணம்தான் வளர்ந்தது. எங்கே தவறு?

அநேகமாக ஓட்ஸை அதிகம் போட்டிருப்பீர்கள். பசியோடு விழிக்கும் என்று நினைத்துக் கைப்பிடி அள்ளிப் போடுவது வழக்கம். பிசாரம் விழிப்பதற்குள் பூசணம் முந்திக்கொள்ளும்.

200 மில்லி தண்ணீரில் 3 கிராம் அகர் போட்டு, முழுதும் கரையும் வரை கொதிக்க விடுங்கள். கடையில் கிடைக்கும் சைனா கிராஸ் போதும். ஆனால் சர்க்கரையோ மணமோ சேர்த்த பொட்டலம் கூடாது, அது பூசணத்துக்கே விருந்து. மூடியுள்ள தட்டில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, ஆறியதும் தாளில் ஒரு சென்டிமீட்டர் துண்டை வெட்டி நடுவில் வையுங்கள். காய்ச்சி ஆறிய நீர் ஒரு சொட்டு. பக்கத்தில் ஓட்ஸ் இரண்டே இரண்டு. மூடி, தட்டைக் கவிழ்த்து, இருட்டில் வையுங்கள். நேராக வைத்தால் மூடியில் கோத்த நீர் கீழே சொட்டிக் குளம் கட்டும்.

20 முதல் 25 டிகிரி வெப்பம் ஏற்றது. கோடை வகுப்பறை இதற்குச் சரிப்படாது. வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையைத் தேடுங்கள். ஓரிரு நாளில் மஞ்சள் விசிறி விரியும். அதற்குப் பிறகுதான் கூடுதல் ஓட்ஸ், அதுவும் விசிறியின் முனைக்கு முன்னால், தின்னத் தின்ன ஒவ்வொன்றாக.

பூசணம் தலைகாட்டினால் தட்டைக் கொட்டிவிடாதீர்கள். சுத்தமான முனையை அகரோடு சிறு கட்டியாக வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றுங்கள். பூசணத்தைவிட அது வேகமாக நகரும், தப்பித்துவிடும். பட்டினி கிடக்கும் நிலையில் வெளிச்சமும் பட்டால் கறுத்து வித்துக்காய்களாக மாறிவிடும். அந்தத் தட்டில் இனி ஊர்ந்து செல்ல எதுவும் மிஞ்சாது. விடுமுறைக்கு முன் ஈரமான வடிதாளில் ஏறவிட்டு, இருட்டில் மெதுவாக உலர விடுங்கள். ஆரஞ்சு நிறப் பொருக்காக மாதக்கணக்கில் உறங்கும். மின்விசிறிக்கு அடியில் அவசரமாகக் காயவைத்தால் செத்துவிடும்.

வளர்ந்ததும் நுண்ணோக்கியில் மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் ஒரு நரம்பைப் பாருங்கள். உள்ளே சாறு ஒரு பக்கம் பாய்ந்து, நின்று, ஒரு நிமிடத்துக்குள்ளோ சற்றுக் கூடுதலாகவோ எதிர்ப்பக்கம் திரும்பும். தட்டு முழுதும் படர்ந்திருப்பது ஒரே செல், அதற்குள் லட்சக்கணக்கான உட்கருக்கள்! மாணவர்கள் பார்க்க வேண்டிய காட்சி இது.

மூளையே இல்லாத பிசாரம் புதிர்ப்பாதையில் எப்படி வழி கண்டுபிடிக்கிறது?

நுழைவாயிலில் விட்டதும் எலி போலத் தேடிப் போகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். 2000-இல் ஜப்பானில் தோஷியுகி நகாகாகி குழு செய்தது வேறு. முதலில் புதிர்ப்பாதை முழுவதையும் பிசாரம் நிரப்பியது. பிறகுதான் இரு முனைகளிலும் ஓட்ஸ் உணவு வைத்தார்கள். முட்டுச்சந்துகளில் இருந்த பகுதி உள்வாங்கியது, கடைசியில் குறுகிய வழியில் ஒரு தடித்த குழாய் மட்டும் நின்றது. சாறு அதிகம் ஓடும் குழாய் தடிக்கும், ஓட்டம் குறைந்த குழாய் மெலிந்து மறையும். வேலை செய்வது இந்த ஒரு விதிதான். 2010-இல் டோக்கியோ சுற்றுவட்டார ஊர்களின் இடத்தில் ஓட்ஸ் வைத்தபோது, ரயில் பாதைக்கு நிகரான வலையை அது பின்னியதும் இப்படித்தான்.

நீங்களும் செய்து பார்க்கலாம். பிளாஸ்டிக் தாளில் 3 சென்டிமீட்டர் சதுரப் புதிர்ப்பாதை வெட்டி அகர் மேல் ஒட்டுங்கள். பிசாரம் காய்ந்த பிளாஸ்டிக்கைத் தவிர்க்கும். அதன் மேல் நீர் தேங்கியிருந்தால் மட்டும் சுவரேறித் தாண்டிவிடும், ஒற்றி எடுத்துவிடுங்கள்.